ஆர்மேனியாவுக்கு ஒரு திகதி உண்டு

அனுப்புநர்:
திருமதி பாலாம்பிகை இராஜேந்திரன்,
வடக்கு ஹரோ,
லண்டன்.

பெறுநர்:
திருமதி மேரிறோஸ் அவர்கள்,
நிகழ்ச்சிப் பொறுப்பதிகாரி,
கிளை நூலகம்,
ஹரோ.

விடயம்: எதிர்வரும் நவம்பர் ஏழாம் திகதி தங்கள் நூலக மண்டபத்தில் எனது கணவர் நடத்தவிருக்கும் 'ஆர்மேனியா' நினைவேந்தலும், அதனால் எனக்கு ஏற்பட்ட மானக்கேடும் மனவேதனையும் தொடர்பான முறைப்பாடு.

மதிப்புக்குரிய அம்மணி,

முறைப்பாடுகளை எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்று தங்கள் நூலக வாசலில் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் கோபப்பட எனக்கு வராது. சொல்லைத் தேடுவதற்குள் கோபம் ஆறிவிடும். தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்றும், மன்னார்ப் பேசாலையைச் சேர்ந்தவர் என்றும் கடைக்காரப் பாமா மூலம் அறிந்தேன். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள். ஊரார் கொண்டுவந்த மனுக்களை வாங்கி முத்திரை குத்திக் கோவையில் போட்டிருக்கிறேன். எனக்கென்று எழுதும் மனு இதுதான் முதல். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

1. முதலில் எதிராளி யாரென்று சொல்லிவிடுகிறேன். ஆர்மேனியா என்பது சோவியத் நாட்டின் பயணிகள் கப்பல். லெனின்கிராட்டில் கட்டி 1928இல் நீரில் இறக்கினார்கள். ஒரே மாதிரியான ஆறு கப்பல்களில் இது ஒன்று. கருங்கடலில் ஒடெசாவுக்கும் பட்டுமிக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு திரிந்தது. யுத்தம் வந்ததும் பக்கவாட்டில் செஞ்சிலுவை தீட்டி, காயக்காரரை ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். 1941 நவம்பரில் செவஸ்தபோலில் காயக்காரர், வைத்தியர், தாதிமார், பிள்ளை குட்டியோடு ஓடிவந்த சனம் என்று எல்லாரும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். யால்டாவில் இன்னும் ஏறினார்கள். ஏழாம் திகதி காலை அங்கிருந்து வெளிக்கிட்ட கப்பலை மதியத்துக்கு முன் ஜெர்மன் விமானங்கள் தாக்கின. நாலைந்து நிமிடத்தில் கடலுக்குள் தாண்டுபோனது என்கிறார்கள். உயிரோடு எடுத்தது எட்டுப் பேரை மட்டும். செத்தவர்கள் ஐயாயிரம் என்பாரும் உண்டு, ஏழாயிரம் என்பாரும் உண்டு. அந்த அவசரத்தில் ஏறினவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. 2020இல் ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். இவ்வளவையும் நான் எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இது சோற்றோடு பரிமாறப்படுகிறது.

2. எனது கணவர் திரு. இராஜேந்திரன் எண்பதுகளில் புலமைப்பரிசில் பெற்று ஒடெசாவுக்குப் போய்க் கப்பற் பொறியியல் படித்தவர். படித்தது கப்பல், பிழைக்கிறது லிப்ட் திருத்தி. ஒரு நாளாவது கப்பலில் வேலை செய்ததில்லை. அவர் இருந்த மாணவர் விடுதியில் வாசலில் இருந்து அறைத் திறப்புக் கொடுக்கும் பெண்ணின் அக்கா, மேற்படி கப்பலில் தாதியாகப் போனவளாம். நவம்பர் ஏழாம் திகதி அந்த நாட்டில் புரட்சி நாள். ஊரெல்லாம் கொடி பிடித்துக்கொண்டு போக, அந்தப் பெண் மட்டும் தன் சின்ன அறையைச் சாத்திவிட்டு, ஒரு கிளாசில் வொட்கா ஊற்றி, அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்புப் பாணை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாளாம். ஒரு வருடம் இவரும் கூட இருந்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது இன்றைக்கும் விடவில்லை. பிறகு ஜெர்மனிக்கு வந்து டோர்ட்முண்டில் என்னைக் கலியாணம் செய்தார். அங்கே மேல்மாடியில் இருந்த வயோதிபர் வான்படையில் இருந்திருப்பார் என்று தானே முடிவுகட்டி, லண்டனுக்கு வெளிக்கிடும் நாள் வரை அவருக்கு ஒரு வணக்கம் சொல்லவில்லை. அந்த மனிதர் பேக்கரியில் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியும்.

3. மேற்படி கப்பலை அவர் 'அவள்' என்றுதான் சொல்வார். 'அவள் வெளிக்கிட்ட நேரம் வானம் மூட்டமாய் இருந்திருந்தால் தப்பியிருப்பாள்' என்று மீன் குழம்பைப் பிசைந்துகொண்டு சொல்வார். அவளுடைய ஐந்து சகோதரிகளின் பெயரும் அவருக்கு வரிசையாக வரும். என்னுடைய சகோதரிகள் மூன்றே பேர். அதில் யார் கனடா, யார் நோர்வே என்று இன்றைக்கும் மாற்றிச் சொல்கிறார். முன்னறையில் இருந்த அலுமாரியின் மேல் அவர் மட்டையில் செய்த கப்பல் வந்தது. அதன் பின்னால் கப்பலின் படம் வந்தது. படத்துக்கு மாலை வந்தது. கடைசியில் சந்தனப் பொட்டும் வந்தது. அந்த இடத்தில் முன்பு இருந்த படம் மாடிப்படி ஏறும் சுவருக்குப் போனது. அது என் தம்பி தயாபரனின் படம். அதற்கு மாலையும் இல்லை, பொட்டும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

4. ஒவ்வொரு நவம்பர் ஏழாம் திகதியும் எங்கள் வீட்டில் மரக்கறிச் சமையல். திவசத்துக்குச் சமைக்கிற மாதிரியே கத்தரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு, வடை, பாயாசம். வாழையிலையை அவரே சவுத்தாலுக்குப் போய் வாங்கி வருவார். படையலில் ஓரமாகப் போலந்துக் கடையில் வாங்கிய கறுப்புப் பாண் ஒரு துண்டும் வைப்பார். பிறகு கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு பின்வளவில் நின்று காகத்தைக் கூப்பிடுவார். ஐயாயிரம் பேருக்கு ஒரு இலை. சமைப்பவள் நான். ஒரு வருடமும் நான் உப்பைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இதையும் தாங்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

5. இனி முறைப்பாட்டுக்கு வருகிறேன். இவ்வருடம் தங்கள் நூலகம் மண்டபத்தையும் வாசலில் உள்ள கண்ணாடி அலுமாரியையும் அவருக்குத் தந்திருக்கிறது. அதில் தங்கள் மேல் குற்றமில்லை. அவர் அச்சடித்த துண்டுப்பிரசுரம்தான் பிரச்சினை. ஆட்கள் வாசிக்க வேண்டும் என்றால் எங்கள் சனம் வாசிக்கிற மாதிரி எழுத வேண்டும் என்று நினைத்தாராம். ஆகவே மரண அறிவித்தல் மாதிரியே எழுதினார். அதை அப்படியே கீழே தருகிறேன்:

'லெனின்கிராட்டைப் பிறப்பிடமாகவும், ஒடெசாவை வதிவிடமாகவும் கொண்டிருந்த ஆர்மேனியா அவர்கள் யுத்தத்தின்போது குண்டுவீச்சினால் அகால மரணமடைந்தார். அன்னார் அப்காசியா, அட்ஜாரியா, உக்ரைனா, கிரிம், குரூசியா ஆகியோரின் பாசமிகு சகோதரி ஆவார். அன்னாரின் நினைவேந்தல் 07-11-2025 வெள்ளிக்கிழமை நடைபெறும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரையும் அழைக்கிறோம். தகவல்: இராஜேந்திரன், ஹரோ.'

கப்பல் என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை என்பதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். செத்த ஆண்டும் இல்லை. அதை உரையில் சொல்ல வைத்திருந்தாராம். படம் போட்டிருக்கிறதே என்பது அவருடைய வாதம். பிரதி எடுத்த இடத்தில் மை கூடிப் போய், படத்தில் இருப்பது கப்பலா சவப்பெட்டியா என்று யாருக்கும் தெரியவில்லை. இதை ஹரோவிலும் மிட்சம் பகுதியிலும் உள்ள தமிழ்க் கடைகளின் கண்ணாடியில் எல்லாம் ஒட்டிவிட்டு வந்தார்.

6. இந்த நாளில் உக்ரைனில் யுத்தம் நடக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் ஒடெசாவில் படித்தவர் என்பது எங்கள் சனம் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் முடிச்சுப்போட எவ்வளவு நேரம் செல்லும்? மிட்சம் பகுதியில் கடை வைத்திருக்கும் பாமாதான் முதலில் எடுத்தாள். 'அக்கா, கேக்கக்கூடாது, அது அண்ணையின்ர மூத்த தாரமோ?' என்றாள். ஹம்சா என்ற இன்னொருத்தி, அந்த மனுசிக்குப் பிள்ளைகள் உண்டோ, அதுகள் இனி எங்கே போகும், வீட்டில் ஒரு அறை இருக்குத்தானே என்று கேட்டாள். கோயிலில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். என் மகள் சயந்தினியிடம் சொன்னேன். 'அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஷிப்' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியாது. மூத்த தாரமாக இருந்திருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். கடலுக்கு அடியில் கிடப்பவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

7. சென்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கணவர் வேலையில் இருந்தபோது, ஆட்கள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். பாமா, ஹம்சா, கோயிலடிப் பெண்கள் சிலர். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பிளாஸ்க்கில் தேத்தண்ணீர், இடியப்பம், சொதி, ஒரு சட்டி உருளைக்கிழங்குப் பிரட்டல் எல்லாம் கொண்டுவந்தார்கள். வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகள் நிறைந்துவிட்டன. உண்மையைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாமா என் கையைப் பிடித்து, 'அக்கா, அடக்கி வைக்காதேங்கோ, அழுங்கோ' என்றாள்.

நான் அழுதேன், அம்மணி. குரல் எடுத்து அழுதேன். கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து நான் அப்படி அழுததில்லை. அவர்களும் கூடச் சேர்ந்து அழுதார்கள். 'சக்களத்திக்காக இப்பிடி அழுகிறியளே, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு' என்று ஹம்சா என் முதுகைத் தடவினாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர்கள் போகும்வரை சொல்லவில்லை. அழுதது தயாபரனுக்கு.

8. தயாபரனைப் பற்றிச் சொல்லாமல் இந்த மனு முடியாது. அவன் என் கடைசித் தம்பி. அனலைதீவில் பிறந்தவன். நன்றாக நீந்துவான், விசில் அடிப்பான், யாரிடமாவது கடன் வாங்கின சைக்கிளிலேயே எப்போதும் திரிவான். 1990இல் சண்டை மறுபடி தொடங்கினபோது இந்தியாவுக்குப் போகிறேன் என்று மன்னார்ப் பக்கம் போனான். தங்கள் ஊர்க் கரையில் இருந்துதான் படகு ஏறினான் என்று கேள்வி. அந்தக் கடலைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. படகுக்குப் பெயர் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆடி மாதக் கடைசி என்று ஒருவர் சொன்னார். இல்லை, ஆவணி பிறந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் கண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். பிறகு அவரே, அது வேறு பொடியனாக இருக்கலாம் என்றார். நீந்தத் தெரிந்தவன், எங்காவது கரையேறியிருப்பான் என்று அம்மா கடைசிவரை சொன்னா. அவன் படத்துக்குப் பொட்டு வைக்க யாரையும் விடவில்லை. 'நாள் குறிக்கிறவன்தான் என்ர பிள்ளையைக் கொன்றவன்' என்று சொல்லிவிட்டா. அம்மா செத்து ஒன்பது வருடமாகிறது. அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

9. ஒருமுறை கணவரிடம் கேட்டேன். இலையில் ஓரமாக அவனுக்கும் ஒரு பிடி வைக்கட்டுமா என்று. 'திகதி இல்லாமல் என்னெண்டு செய்யிறது? உம்மட தம்பி எங்கையாவது உயிரோடை இருந்தால்?' என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஐயரிடமும் கேட்டேன். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை இருக்கிறது, அதில் செய்யலாம் என்றார். அமாவாசை எல்லாருக்கும் பொது. பஸ்ஸில் நிற்பது போல அவனையும் அந்தக் கூட்டத்தில் நிற்கவிட எனக்கு மனமில்லை. அவனுக்கென்று ஒரு நாள் வேண்டும்.

10. மனுவில் எழுதத் தகாத ஒரு சொல்லை இங்கே எழுதுகிறேன். எனக்குப் பொறாமை. மேற்படி கப்பலைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அவளுக்குப் பிறந்த இடம் தெரியும், பிறந்த ஆண்டு தெரியும், செத்த நாளும் நேரமும் தெரியும். அவளோடு போனவர்களுக்குப் பெயர்கூட இல்லை, ஆனாலும் நாள் இருக்கிறது. அந்த விடுதிப் பெண்ணுக்குக் கதவைச் சாத்திவிட்டு இருக்க ஒரு நாள் இருந்தது. கடலுக்கடியில் போய்த் தேடவும் அந்தக் கப்பலுக்கு ஆட்கள் இருந்தார்கள். கண்டுபிடித்த செய்தி வந்த அன்றைக்கு என் கணவர் சோபாவில் இருந்து அழுதார். என் அம்மாவின் செத்தவீட்டில்கூட அவர் அழவில்லை. நான் அடுக்களையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்கப்பட்டவள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. என் தம்பி போன கடல் அவ்வளவு ஆழமும் இல்லை.

அவருடைய துண்டுப்பிரசுரத்தைப் பார்த்துத் தயாபரனுக்கும் ஒன்று எழுதிப் பார்த்தேன். கச்சேரியில் வேலை பார்த்தவளுக்கு இது பெரிய வேலையா? 'அனலைதீவைப் பிறப்பிடமாகவும்' என்று தொடங்கினேன். அடுத்தது வதிவிடம். அதற்கு என்ன எழுதுவது? வதிவிடத்தை விட்டுவிட்டுத் திகதிக்குப் போனேன். அங்கே பேனாவை மூடினேன்.

11. அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வேலை முடிந்து வந்தபோது வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்றிருக்கிறார். உள்ளே நான் யாரின் பெயரைச் சொல்லி அழுகிறேன் என்பது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். எல்லாரும் போனபின் வந்து, ஆறின இடியப்பத்தைச் சாப்பிட்டார். மறுநாள் காலை நான் இறங்கி வரும்போது தயாபரனின் படம் மாடிப்படிச் சுவரில் இல்லை. முன்னறை அலுமாரியில், மட்டைக் கப்பலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் வைத்திருந்தார். கையில் சந்தனக் கிண்ணம். 'வைக்கட்டே?' என்று கேட்டார். 'நாள் இல்லாமல் என்னெண்டு வைக்கிறது?' என்று கேட்டேன். அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் ஒரு நாளைச் சொல்லத் துணிவில்லை. நான் சொன்னால் நான் அவனைக் கொன்றவள். அவர் சொன்னால் அதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

12. ஆகவே தங்களிடம் வருகிறேன். நவம்பர் ஏழாம் திகதி நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மனுவைத் தொடங்கினேன். எழுதிக்கொண்டு வரும்போது மனம் மாறிவிட்டது. நிகழ்ச்சி நடக்கட்டும். கடைகளில் ஒட்டியதை மட்டும் கழற்றிவிட்டு, கப்பல் என்ற சொல்லைச் சேர்த்துப் புதிதாக ஒட்டும்படி அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார். வடையும் பாயாசமும் நானே செய்து கொண்டுவருவேன். தாண்டுபோன சனத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

என் வேண்டுகோள் வேறு. தங்கள் மண்டபத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கும். அதில் யோகா, தையல், பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என்று எழுதியது போக, யாரும் கேட்காத ஒரு நாள் மிச்சமிருக்கும். அந்த நாளில் ஒரு பின்னேரத்தை எனக்கு ஒதுக்கித் தாருங்கள். எந்த மாதமானாலும் சரி, எந்தக் கிழமையானாலும் சரி. தாங்கள் எங்களுக்கு உறவுமில்லை, பகையுமில்லை. மண்டபம் வெறுமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு நாளைத் தருகிறீர்கள். அம்மாவின் சொல் தங்களைச் சேராது. தாங்கள் தரும் நாளைத் தயாபரனின் நாளாக வைத்துக்கொள்வேன். அன்று காலை அவன் படத்துக்குப் பொட்டு வைப்பேன். கடைக் கண்ணாடிகளில் ஒழுங்கான அறிவித்தல் ஒட்டுவேன். பாமாவும் மற்றவர்களும் அவனுக்கென்றே பிளாஸ்க்கோடு வருவார்கள். இனி வரும் வருடங்களிலும் அந்தத் திகதிக்கு ஒரு இலை போடுவேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். நவம்பர் ஏழாம் திகதியைத் தந்துவிட வேண்டாம். அது மேற்படியாளின் நாள்.

தங்கள் பதிலுக்கு, தபாற்காரரைப் பார்த்துக்கொண்டு இருக்கும்,

தயாபரனின் அக்கா,
(ஒப்பம்) பாலாம்பிகை இராஜேந்திரன்

இடம்: ஹரோ, லண்டன்
திகதி: 17-10-2025

இணைப்பு: மரண அறிவித்தல் வரைவு, ஒன்று. (திகதி இடப்படவில்லை.)